ஜன்னல் சீட் வீடியோவில் ப்ரொப்பல்லர் ஏன் உடைந்து தெரிகிறது?

கக்கதாசபுரா வாசி – ஞாயிறு, இரவு 9:15

போன வாரம் மகளோடு பெங்களூரிலிருந்து தூத்துக்குடி போனேன். ஏடிஆர் விமானம், றெக்கைக்குக் கீழே ஜன்னல் சீட். மகள் ஆறாம் வகுப்பு. ஏறியதிலிருந்து இறங்கும்வரை ப்ரொப்பல்லரையே பார்த்துக்கொண்டு வந்தாள். கண்ணுக்கு அது சாம்பல் நிறத்தில் ஒரு மெல்லிய வட்டம், அவ்வளவுதான். என் போனில் வீடியோ எடுத்துப் பார்த்தால் வேறு காட்சி. பிளேடுகள் அரிவாள் மாதிரி வளைந்திருக்கின்றன. இரண்டு மூன்று துண்டுகள் நடுத்தண்டோடு ஒட்டாமல் காற்றில் தொங்குகின்றன. "அப்பா, கழண்டு போச்சா?" என்று கேட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கேமராவின் கோளாறு என்று சொன்னேன். அவள் விடவில்லை. "கோளாறுன்னா றெக்கையும் ஜன்னல் ஓரமும் ஏன் நேரா இருக்கு? அது மட்டும் ஏன் வளையுது?" எனக்குப் பதில் தெரியவில்லை. பதினோரு வயதுப் பிள்ளைக்குப் புரிகிற மாதிரி யாராவது சொல்லுங்கள். வீடியோவை இணைத்திருக்கிறேன்.

பீன்யா பட்டறை – ஞாயிறு, இரவு 10:02

நல்ல கேள்வி சார். பாப்பாவை ஜெராக்ஸ் கடைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். கண்ணாடிக்கு அடியில் விளக்கு ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு நகரும்போது தாளை மெதுவாக இழுக்கச் சொல்லுங்கள். எழுத்தெல்லாம் நீண்டு சாய்ந்து வரும். ஜெராக்ஸ் மெஷினில் கோளாறு எதுவும் இல்லை. அது தாளை ஒரே நொடியில் பார்க்கவில்லை, ஓரம் ஓரமாகப் பார்க்கிறது. அதற்குள் தாள் நகர்ந்துவிட்டது.

போன் கேமராவும் அப்படித்தான். சென்சாரில் ஆயிரக்கணக்கான வரிசைகள். மேலிருந்து கீழே ஒவ்வொரு வரிசையாகப் படித்துக்கொண்டே வரும். இதற்கு ரோலிங் ஷட்டர் என்று பெயர். ஒரு ஃப்ரேமை, அதாவது வீடியோவின் ஒரு படத்தை, படித்து முடிக்க 30 மில்லிசெகண்ட் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். ஏடிஆரின் ப்ரொப்பல்லர் நடுவானில் நிமிடத்துக்கு ஆயிரம் சுற்றுக்குக் கொஞ்சம் கீழே சுற்றும். ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 60 மில்லிசெகண்ட். அப்படியென்றால் மேல் வரிசையைப் படிக்கத் தொடங்கிக் கடைசி வரிசைக்கு வருவதற்குள் ப்ரொப்பல்லர் அரைச் சுற்று போய்விடும். படத்தின் உச்சியில் இருக்கும் பிளேடும் அடியில் இருக்கும் பிளேடும் வேறு வேறு நேரத்தில் இருந்தவை. எல்லாவற்றையும் ஒரே படத்தில் ஒட்டினால் அரிவாள்தான் வரும்.

றெக்கை நேராக இருக்கக் காரணம், விமானத்தோடு சேர்த்துப் பார்த்தால் அது நகரவே இல்லை. உங்கள் போனும் அதே விமானத்தில்தான் இருக்கிறது.

மர்ஃபி டவுன் – ஞாயிறு, இரவு 10:20

ஷட்டர் வேகத்தைக் கூட்டினால் சரியாகிவிடாதா? வெயிலில் 1/4000 நொடி வைத்து எடுக்கலாமே.

பீன்யா பட்டறை – ஞாயிறு, இரவு 10:41

ஆகாது தம்பி. நிறையப் பேர் இடறுகிற இடம் இது. 1/4000 என்பது ஒவ்வொரு வரிசையும் எவ்வளவு நேரம் ஒளி வாங்குகிறது என்பது. மேல் வரிசைக்கும் கீழ் வரிசைக்கும் நடுவே உள்ள நேர இடைவெளி அதனால் குறையாது. வேகத்தைக் கூட்டினால் வளைந்த பிளேடு இன்னும் துல்லியமாக வளைந்து தெரியும். வீடியோ இவ்வளவு கூர்மையாக இருப்பதற்குக் காரணமே மேகத்துக்கு மேலே இருந்த வெளிச்சம்தான். அடுத்த முறை கூலிங் கிளாஸை லென்ஸுக்கு முன்னால் பிடித்துப் பாருங்கள். வெளிச்சம் குறையும், ஒவ்வொரு வரிசையும் அதிக நேரம் திறந்திருக்கும், பிளேடுகள் ஒன்றோடொன்று கலந்து கண்ணுக்குத் தெரிகிற அந்த வட்டத்துக்குப் பக்கத்தில் வரும்.

இது எனக்குப் புத்தகப் பாடம் இல்லை. எங்கள் பட்டறையில் பேரிங் வளையம் அளக்க கன்வேயர் மேல் கேமரா பொருத்தினோம். விற்றவர் ரோலிங் ஷட்டர் கேமராவைத் தலையில் கட்டிவிட்டுப் போய்விட்டார். பெல்ட் நொடிக்கு 300 மி.மீ. வேகம். வளையம் இருக்கும் வரிசைகளைப் படிக்க 10 மில்லிசெகண்ட் என்றாலும் அதற்குள் 3 மி.மீ. நகர்ந்துவிடும். நாங்கள் பார்க்க வேண்டிய பிழையோ ஒரு மி.மீ.யில் பத்தில் ஒரு பங்கு. இரண்டு நாள் முழுக்க நல்ல வளையங்களை எல்லாம் "ஓவல்" என்று ரிஜெக்ட் பெட்டியில் தள்ளியது. ஆபரேட்டர் பையன் வெர்னியரை வைத்து ஒவ்வொன்றாக அளந்து, "அண்ணே, பீஸ் சரியா இருக்கு, கேமராதான் பொய் சொல்லுது" என்று கொண்டுவந்து காட்டினான்.

கடைசியில் மேலே கறுப்புக் கூடு போட்டு இருட்டாக்கி, எல்லா வரிசையும் ஒன்றாகத் திறந்திருக்கும் அந்தச் சின்ன நேரத்தில் மட்டும் ஸ்ட்ரோப் விளக்கு மின்னுகிற மாதிரி செய்தோம். வெளிச்சமே ஷட்டர் ஆனது. ஆறு மாதம் ஓட்டிய பிறகுதான் குளோபல் ஷட்டர் கேமரா வாங்க முடிந்தது.

அல்சூர் ஏரிக்கரை – திங்கள், காலை 7:30

நான் பறவைப் படம் எடுப்பவள், கல்யாண வேலையும் உண்டு. குளோபல் ஷட்டர் பற்றி நானும் கொஞ்சம் சொல்கிறேன். அதில் எல்லாப் புள்ளிகளும் ஒரே கணத்தில் ஒளியைப் பிடித்துவிடும். பிடித்ததைத் தன் முறை வரும்வரை பத்திரமாக வைத்திருக்க ஒவ்வொரு புள்ளிக்கும் பக்கத்திலேயே ஒரு சின்ன அறை வேண்டும். அந்த அறை ஒளி விழ வேண்டிய இடத்தைத் தின்றுவிடும். முழு ஃப்ரேம் மிரர்லெஸ் கேமராவில் முதன்முதலாக இதைக் கொண்டுவந்தது சோனி, 2023 நவம்பரில் அறிவித்த ஏ9 மூன்றாம் பதிப்பில். நொடிக்கு 120 படம். ஆனால் அதன் அடிப்படை ஐஎஸ்ஓ, அதாவது ஒளி உணர்திறன் அளவு, 250-இல்தான் தொடங்குகிறது; அந்த அறை தின்ற இடத்தின் விலை அது. நிழலில் உட்கார்ந்திருக்கும் ஆந்தையை எடுக்க நான் அதைத் தேர்ந்தெடுக்க மாட்டேன். மீன்கொத்தி தண்ணீரில் பாயும் நொடிக்கு, கண்ணை மூடிக்கொண்டு வாங்குவேன்.

பழைய ஃபிலிம் காலத்திலும் இது இருந்தது. திரை மாதிரி ஓடும் ஷட்டர் உள்ள கேமராவில் பந்தயக் காரை எடுத்தால் சக்கரம் முட்டையாகச் சாய்ந்து விழும். இன்று அதை ஒரு குறையாகப் பார்க்கிறோம். அன்று அதைப் பார்த்தவர்களுக்கு வேகம் என்றால் இப்படித்தான் இருக்கும் என்று தோன்றியது.

கேஜிஎஃப் பேரன் – திங்கள், காலை 8:05

அக்கா சொன்னதைப் படித்ததும் அப்பா நினைவு வந்துவிட்டது. அவர் எச்ஏஎல் (இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ்) ஹெலிகாப்டர் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். நேற்று இரவு இந்த இழையை வாசித்துக் காட்டினேன். உடனே எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

ஹெலிகாப்டரின் பிளேடுகள் எல்லாம் ஒரே தளத்தில் சுற்ற வேண்டும். ஒன்று அரை விரல் மேலே போனாலும் மொத்த வண்டியும் அதிரும். கண்ணால் பார்க்க முடியாது, அந்தக் காலத்தில் கேமராவும் கிடையாது. என்ன செய்வார்கள் தெரியுமா? ஒவ்வொரு பிளேடின் நுனியிலும் ஒரு நிறச் சாக்பீஸைத் தடவுவார்கள். நீளமான கம்பத்தில் துணியை இழுத்துக் கட்டி, சுற்றிக்கொண்டிருக்கும் பிளேடு நுனிக்குப் பக்கத்தில் மெல்லச் சாய்ப்பார்கள். ஒரு தொடு தொட்டதும் எடுத்துவிட வேண்டும். துணியில் சிவப்பு, நீலம், பச்சை என்று கோடுகள் விழுந்திருக்கும். எந்த நிறம் மேலே இருக்கிறதோ அந்தப் பிளேடைச் சரி செய்ய வேண்டும். பிறகு ஸ்ட்ரோப் விளக்கு வந்தது, நுனியில் ஒட்டிய அடையாளங்கள் காற்றில் அசையாமல் நிற்கிற மாதிரி தெரியும். "முதல் தடவை அதைப் பார்த்தப்ப சாமி கும்பிடத் தோணிச்சு" என்கிறார்.

பாப்பாவுக்கு அவர் சொல்லச் சொன்ன ஒரு விஷயம்: ஏடிஆரில் இரண்டு ப்ரொப்பல்லரும் ஒரே திசையில்தான் சுற்றும். ஆகவே இடது ஜன்னலில் எடுத்தால் உங்கள் பக்கத்து பிளேடுகள் கீழே இறங்கும், வலது ஜன்னலில் எடுத்தால் மேலே ஏறும். இரண்டு வீடியோவும் ஒரே மாதிரி இருக்காது.

ஹெப்பால் டிரோன் – திங்கள், இரவு 9:50

இந்த இழை எனக்கு ரொம்பப் பிடித்த இடத்துக்கு வந்திருக்கிறது. வளைந்த படம் நம் கண்ணுக்கு வேடிக்கை. அதே கேமராவை நம்பி ஓர் இயந்திரம் பறக்கிறது என்றால் அது உயிர்ப் பிரச்சினை.

செவ்வாயில் பறந்த நாசாவின் குட்டி ஹெலிகாப்டர் இன்ஜெனுயிட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். 1.8 கிலோ எடை. அதன் தலைமைப் பொறியாளர் பாப் பலராம் நம்ம ஐஐடி மெட்ராஸில் படித்தவர். அங்கே காற்று பூமியில் இருப்பதில் ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்குதான். அதனால் பிளேடுகள் நிமிடத்துக்கு 2500 சுற்றுக்குக் கிட்டே சுற்ற வேண்டியிருந்தது. 2021 ஏப்ரல் 19 அன்று முதல் பறப்பு: 3 மீட்டர் உயரம், 39 நொடி.

அதில் இரண்டு கேமரா. வண்ணப் படம் எடுக்கும் 13 மெகாபிக்சல் கேமரா, போனில் இருப்பது மாதிரி ரோலிங் ஷட்டர். நமக்கு அழகான படம் அனுப்ப அது போதும். கீழே பார்த்து வழி கண்டுபிடிக்கும் கேமரா கறுப்பு வெள்ளை, வெறும் 640-க்கு 480 புள்ளிகள், ஆனால் குளோபல் ஷட்டர். மனிதன் பார்க்க ஒன்று, இயந்திரம் பார்க்க ஒன்று. எது முக்கியமோ அதற்கு எந்த ஷட்டரைக் கொடுத்திருக்கிறார்கள் பாருங்கள்!

வழி காட்டும் கேமரா நொடிக்கு 30 படம் எடுக்கும். தரையில் இருக்கும் கற்களையும் நிழல்களையும் அடையாளம் வைத்து, அடுத்த படத்தில் அவை எவ்வளவு நகர்ந்தன என்று பார்த்துத் தன் வேகத்தைக் கணக்கிடும். 2021 மே 22, ஆறாவது பறப்பு. 54 நொடி வாக்கில் ஒரே ஒரு படம் தொலைந்துபோனது. தொலைந்தது பெரிய விஷயம் இல்லை. அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு படத்திலும் எடுத்த நேரம் தவறாகப் பதிவானது. படம் சரி, நேரம் தப்பு. "நான் இங்கே இல்லையே, அங்கே இருக்கிறேனே" என்று திருத்தித் திருத்தி 20 டிகிரிக்கு மேல் முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் ஆடியது. ஆடிக்கொண்டே இறங்க வேண்டிய இடத்துக்கு 5 மீட்டருக்குள் இறங்கிவிட்டது.

பாப்பாவின் வீடியோவும் இதேதான் சார். ஒவ்வொரு வரிசையும் உண்மை. நேரம் மட்டும் கலந்துவிட்டது.

மர்ஃபி டவுன் – திங்கள், இரவு 10:10

ஒரு படத்துக்கே இந்தப் பாடு என்றால் கேமராவை நம்பிப் பறக்க விடுவதே தப்பு என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ரேடாரோ லேசரோ இருந்தால் போதாதா? நான் சும்மா எதிர்த்துப் பேசவில்லை. நாளை நம் தலைக்கு மேலே மருந்துப் பெட்டி தூக்கிக்கொண்டு டிரோன் பறக்கும்போது எதை நம்பிப் பறக்கிறது என்று கேட்கிற உரிமை நமக்கு உண்டு.

ஹெப்பால் டிரோன் – திங்கள், இரவு 10:48

நியாயமான பயம், நானும் பட்டிருக்கிறேன். பொங்கல் லீவில் கிருஷ்ணகிரி பக்கம் எங்கள் ஊர் ஏரிக்கரையில் ஒரு சின்ன டிரோனைப் பறக்க விட்டேன். ஜிபிஎஸ் இல்லாதது, கீழ்க் கேமராவை வைத்தே ஒரே இடத்தில் நிற்கும். கரையில் ஆணி அடித்தாற்போல் நின்றது. தண்ணீருக்கு மேலே போனதும் அலை எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கமே தானும் போக ஆரம்பித்தது. அதன் கணக்கில் அது நகரவே இல்லை, கீழே இருந்த "தரை"யோடு அப்படியே நிற்கிறது. தாமரைக் கொடிக்குள் விழுந்ததை என் தாய்மாமா இடுப்பளவு தண்ணீரில் இறங்கித்தான் எடுத்துக் கொடுத்தார்.

இன்ஜெனுயிட்டியின் முடிவும் கிட்டத்தட்ட அப்படித்தான். 2024 ஜனவரி 18, அதன் 72-ஆவது பறப்பு. கீழே கல் இல்லை, குழி இல்லை, வெறும் மணல் அலை. அடையாளம் வைக்க எதுவுமே கிடைக்காமல் வேகக் கணக்கு தப்பி, பக்கவாட்டு வேகத்தோடு சரிவில் மோதிப் பிளேடுகள் ஒடிந்தன. ஐந்து முறை பறக்கவென்று அனுப்பியது 72 முறை பறந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஆனால் ஆறாவது பறப்பில் அது பிழைத்த காரணத்தைப் பாருங்கள் தம்பி. தரை இறங்கும் கடைசிக் கட்டத்தில் கேமராவின் பேச்சைக் கேட்காதே என்று முன்கூட்டியே எழுதி வைத்திருந்தார்கள். எப்போது ஒரு கண்ணை நம்பக் கூடாது என்பதையும் யோசித்திருந்தார்கள்.

பீன்யா பட்டறை – செவ்வாய், காலை 6:55

தம்பியின் கேள்விக்கு எங்கள் பீன்யாவிலிருந்தே பதில் சொல்லலாம். இங்கேதான் இஸ்ரோவின் லியோஸ், அதாவது மின்-ஒளியியல் ஆய்வகம், இருக்கிறது. சந்திரயான்-3-க்கான லேசர் டாப்ளர் வேகமானி அங்கே செய்தது. தரையில் லேசரை அடித்துத் திரும்பும் ஒளியின் அலைநீள மாற்றத்தை வைத்து மூன்று திசையிலும் வேகம் சொல்லும். சந்திரயான்-2-இல் அது இல்லை, மூன்றில் புதிதாகச் சேர்த்தார்கள். அதற்காகக் கேமராவை எடுத்துவிடவில்லை. பக்கவாட்டு வேகம் பார்க்க ஒரு கேமரா, இடத்தை அடையாளம் காண ஒரு கேமரா, பாறையும் குழியும் பார்த்து ஒதுங்க அகமதாபாத்தில் செய்த இன்னொரு கேமரா, உயரத்துக்கு லேசரும் ரேடியோ அலையும். லேசருக்கு வேகம் தெரியும், முன்னால் இருப்பது பாறையா சமதரையா என்று தெரியாது. கேமராவுக்குப் பாறை தெரியும், தனியாக விட்டால் வேகத்தில் ஏமாறும். ஒன்று தடுமாறும்போது இன்னொன்று பிடித்துக்கொள்ள வேண்டும்.

சந்திரயான்-2 விழுந்ததற்குக் கேமரா காரணம் இல்லை. எஞ்சின்கள் எதிர்பார்த்ததை விட அதிகமாகத் தள்ளின, பிழை சேர்ந்துகொண்டே போனது. இறங்க ஒதுக்கிய இடமும் 500-க்கு 500 மீட்டர்தான். மூன்றில் அதை 4 கி.மீ.க்கு 2.4 கி.மீ. ஆக்கினார்கள். நம்ம விழுப்புரத்து வீரமுத்துவேல்தான் திட்ட இயக்குநர். 2023 ஆகஸ்ட் 23 மாலை, 30 கி.மீ. உயரத்திலிருந்து இறங்கத் தொடங்கியதும் தரையில் இருந்தவர்கள் கையைக் கட்டிக்கொண்டு பார்க்க வேண்டியதுதான். நிலவுக்கு ஒரு சிக்னல் போகவே ஒரு நொடிக்கு மேல் ஆகும். 150 மீட்டரில் அது நின்று, கீழே தானே பார்த்து இடம் தேர்ந்த அந்தச் சில நொடிகள் எங்கள் பட்டறையில் ஒரு லேத்தும் ஓடவில்லை. கட்டுப்பாட்டு அறையும் இதே பீன்யாவில்தான். நாங்கள் டீக்கடை டிவியில் பார்த்துக்கொண்டிருந்தோம்.

முதல் செயற்கைக்கோள் ஆர்யபட்டாவையும் பீன்யா தொழிற்பேட்டை ஷெட்களில்தான் கட்டினார்கள். அது ஏவப்பட்டது 1975 ஏப்ரல் 19. நம்ம ஹெப்பால் நண்பர் சொன்ன இன்ஜெனுயிட்டியின் முதல் பறப்பும் ஏப்ரல் 19. தற்செயல்தான். ஆனால் எழுதும்போது மனசு நிறைகிறது.

மர்ஃபி டவுன் – செவ்வாய், காலை 7:20

சரி, ஒத்துக்கொள்கிறேன். கேமரா வேண்டாம் என்று சொன்னது தப்பு. கேமரா மட்டும் போதும் என்று சொல்லி யாராவது டிரோன் விற்றால் அதை எதிர்க்க வேண்டும், அதில் மாற மாட்டேன்.

மல்லேஸ்வரம் மாணவி – செவ்வாய், மாலை 5:40

அண்ணன்மார்களுக்கு வணக்கம். ஃப்ரேம் என்பதே இல்லாத கேமராவும் வந்துவிட்டது. ஈவென்ட் கேமரா என்பார்கள். ஒவ்வொரு புள்ளியும் தன் வெளிச்சம் மாறும்போது மட்டும் பேசும், அதுவும் எப்போது மாறியது என்று மைக்ரோசெகண்ட் கணக்கில் சொல்லும். அசையாத சுவரைப் பார்த்தால் கிட்டத்தட்ட மௌனம். சுற்றும் ப்ரொப்பல்லரைப் பார்த்தால் ஓயாமல் பேசிக்கொண்டே இருக்கும். நம் கண்ணின் விழித்திரையைப் பார்த்து யோசித்தது. இங்கே ஐஐஎஸ்சியில் (இந்திய அறிவியல் கழகம்) இதே வகைக் கேமராவை மைக்ராஸ்கோப்பில் பொருத்தி 50 நானோமீட்டருக்கும் சிறியவற்றைக் கண்டறிந்து 2023-இல் வெளியிட்டார்கள். சாதாரண ஒளி மைக்ராஸ்கோப் 200 நானோமீட்டர் வாக்கிலேயே நின்றுவிடும்.

இந்தக் கேமராவில் பாப்பாவின் ப்ரொப்பல்லர் வளையவே வளையாது. ஒவ்வொரு புள்ளியும் தன் நேரத்தைத் தானே சுமந்துகொண்டு வரும்.

பீன்யா பட்டறை – செவ்வாய், இரவு 8:15

பாப்பா வீட்டிலேயே செய்து பார்க்க ஒரு வழி, சார். அட்டையில் 15 செ.மீ. அகலத்துக்கு ஆறு பிளேடு ப்ரொப்பல்லர் வெட்டி, நடுவில் குண்டூசி குத்தி ஒரு தாளில் நிறுத்துங்கள். மேலே டிரேசிங் தாள். இன்னொரு அட்டையில் அரை செ.மீ. அகலத்தில் நீளமாக ஒரு கீற்று வெட்டுங்கள். கீற்றை உச்சியில் வைத்து அதில் தெரிவதை மட்டும் பென்சிலால் வரைய வேண்டும். பிறகு ப்ரொப்பல்லரை 6 டிகிரி திருப்பி, கீற்றை அரை செ.மீ. இறக்கி, மறுபடி வரைய வேண்டும். முப்பது முறை செய்தால் 180 டிகிரி, அதாவது அரைச் சுற்று. விமானத்தில் நடந்ததும் அதுதான்.

கக்கதாசபுரா வாசி – சனி, இரவு 10:30

எல்லோருக்கும் நன்றி. இன்று மதியம் முழுக்க அதுதான் வேலை. பன்னிரண்டாவது வரிசை வரைக்கும் தாளில் சம்பந்தமில்லாத கீறல்களாகத்தான் இருந்தது. "அப்பா, தப்பா வருது" என்று அழிக்கப் போனாள். நிறுத்தினேன். இருபதைத் தாண்டியதும் ஒரு பக்கம் அரிவாள் எழுந்து வந்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு என் போனைக் கேட்டு வாங்கி வீடியோவை நிறுத்திப் பக்கத்தில் வைத்தாள். அளவு வேறு, வளைவு அதே மாதிரி.

அப்புறம் யாரும் சொல்லாததை அவளே செய்தாள். இன்னொரு டிரேசிங் தாள் எடுத்து ப்ரொப்பல்லரை எதிர்த் திசையில் திருப்பி வரைந்தாள். வளைவு அப்படியே பக்கம் மாறிவிட்டது. கீற்றை எதிர்த்து மேலே ஏறும் பக்கத்தில் பிளேடுகள் ஒல்லியாக, எண்ணிக்கையில் அதிகமாக. கீற்றோடு சேர்ந்து இறங்கும் பக்கத்தில் தடித்து, குறைவாக. இடது ஜன்னலுக்கும் வலது ஜன்னலுக்கும் உள்ள வித்தியாசம் இதுதான் என்று தாத்தாவுக்குச் சொல்லச் சொன்னாள், கேஜிஎஃப் பேரன். இரண்டு தாளையும் போட்டோ எடுத்து இணைத்திருக்கிறேன், அப்பாவுக்குக் காட்டுங்கள்.

தீபாவளிக்கு ஊருக்கு டிக்கெட் போட்டாயிற்று. இந்த முறை வலது பக்கம், றெக்கைக்குக் கீழே. பாதி வீடியோ நேராகவும் பாதி போனைத் தலைகீழாகப் பிடித்தும் எடுக்கப் போகிறாளாம். என் கூலிங் கிளாஸையும் இப்போதே எடுத்துத் தன் பையில் வைத்துக்கொண்டாள்.